எய்னோ நட்ட கிளைகள்

இஸ்மோ லாம்சாவுக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கொதிகலன், குழாய், கதவு, ஜன்னல் எல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் அவனைக் கேட்டால், தான் உள்ளூர்த் தன்னார்வப் படையில், காட்டில் காணாமல் போனவர்களைத் தேடும் குழுவில் ஒருவன் என்பதுதான் முதலில் வரும். அதையும் அவனாகச் சொல்ல மாட்டான், நாமாகக் கேட்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழு அது. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு காட்டுக்குள் போவார்கள், சதுப்பில் நடப்பார்கள், தீ மூட்டிக் காபி போடுவார்கள், இரண்டு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இஸ்மோவுக்கு உலகத்தில் அதைவிட இனிமையானது எதுவுமில்லை.

அந்த இனிமைக்குத்தான் இலையுதிர்காலத்தில் ஆபத்து வந்தது. பன்னிரண்டு நிமிட ஓட்டத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட வேண்டும். இஸ்மோவால் முடியவில்லை. கேப்டன் நல்ல மனிதர், யாரும் கேட்காத இடத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். பிப்ரவரி கடைசியில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் குழுவிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போர்வையும் அடுப்பும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் ஒருவன் ஓடிப் பழகுகிறான் என்றால் அதைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் பீற்றல். அதனால் இஸ்மோ விடியுமுன், முதல் காபிக்கும் முன்னால், யாருக்கும் தெரியாமல் உறைந்த ஏரிக்குப் போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஏரிக்கரைக் கடையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் தெரியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவன் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடினால் தெரியாமல் இருக்குமா? ஆனால் ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதும் எங்கள் வழக்கமில்லை.

ஏரி உறைந்ததும் அதன் மேல் போடும் பாதையின் ஓரத்தில் ஊசியிலைக் கிளைகளை நட்டு வைப்பது வழக்கம். பனிப்புயலில் வழி தவறாமல் இருக்க அது உதவும். பக்கத்து வீட்டு எய்னோதான் எத்தனையோ வருடமாக அந்த வேலையைச் செய்கிறார். கிளைக்குக் கிளை நூறு மீட்டர் என்பது ஊரறிந்த கணக்கு. கைபேசியைக் கொண்டுபோனால் அந்தக் குளிரில் பையிலேயே உயிரை விட்டுவிடும். கைக்கடிகாரமும் எய்னோவின் கிளைகளும் இஸ்மோவுக்குப் போதுமாயிருந்தன.

முதல் வாரம் மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. வாயைச் சுற்றிய கம்பளித் துணி மூச்சு பட்டுப் பலகையாக விறைத்தது. கண்ணை ஒரு நொடி கூடுதலாக மூடினால் இமைகள் ஒட்டிக்கொண்டன. வேகமாக மூச்சிழுத்தால் நெஞ்சுக்குள் யாரோ அரத்தால் தேய்ப்பது போலிருந்தது. அதனால் மூக்கால் மட்டும் மூச்சுவிடக் கற்றுக்கொண்டான். அவன் மனைவி தைனா அவன் கன்னத்தில் கொழுப்புக் களிம்பைப் பூசிவிட்டு, ஒன்றும் தெரியாதவளைப் போல, குப்பை கொட்டப் போகவா இத்தனை வேஷம் என்று கேட்பாள். ஆமாம் என்பான் அவன்.

ஜனவரியில் பதினெட்டுக் கிளைதான் வந்தது. பிறகு இருபது, இருபத்திரண்டு. பிப்ரவரி நடுவில் ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம் முடிந்தபோது இருபத்தைந்தாவது கிளையைத் தாண்டி நின்றான். இருட்டில், நடு ஏரியில், தனியாகச் சிரித்தான். அன்று காலை ஏலக்காய் ரொட்டியை ஒன்றுக்கு இரண்டாகத் தின்றான்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை சவுனா என்னும் நீராவிக் குளியலுக்கு எய்னோ வந்தார். வாராவாரம் வருகிறவர்தான். சூடான கல் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு மேல் பலகையில் உட்கார்ந்து குறைபட்டுக்கொண்டார்.

"இந்த வருஷம் ஏரி பெருசாயிடுச்சுப்பா. எப்பவும் வெட்டற கிளை பத்தல. மறுபடி காட்டுக்குப் போயி ஒரு கட்டு வெட்டியாந்தேன்."

"எப்பவும் போலத்தான நட்டீங்க?"

"வேற எப்படி நடுவாங்க? நூறு எட்டு எடுத்து வச்சா ஒரு கிளை."

இஸ்மோ மெல்லத் திரும்பி எய்னோவின் இடுப்பைப் பார்த்தான். கோடையில் அறுவை செய்த தழும்பு சூட்டில் சிவந்திருந்தது. பலகை ஏறும்போது அவர் வைத்த எட்டு நினைவுக்கு வந்தது. சேற்றில் கால் வைக்கிறவர் மாதிரி சின்னச் சின்ன எட்டு. அந்த எட்டில் நூறு வைத்தால் நூறு மீட்டர் எங்கே வரும்? வலியோடு நடந்து நட்டவரிடம் எதைச் சொல்வது? இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டான்.

தைனாவிடம் சொன்னபோது அவள் சிரிப்பு தாங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல எவனாவது ஒரு கிழவரோட இடுப்ப நம்பிப் பரீட்சைக்குத் தயாராவானா? ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கார்ல போயி அளந்திருப்பேன்ல?"

மறுநாள் அவளே காரில் ஒரு சாலையை அளந்து காட்டினாள். அதில் ஓடிப் பார்த்தான். பள்ளி மைதானத்தின் நீள அளவுக்குத் தூரம் குறைந்தது. அந்த வாரம் முழுதும் ஓடியும் அந்தக் குறை பாதியாகத்தான் ஆயிற்று. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஓட்டம் பிடித்துப்போயிருந்தது. தோற்றாலும் ஓடுவதை விடப்போவதில்லை என்று தைனாவிடம் சொன்னான். ஸ்டோர் மட்டும் வேண்டாம் என்றான்.

பரீட்சை நாளில் மைனஸ் இருபத்துமூன்று, போதாததற்கு எதிர்க்காற்று. முகாமில் பனி வாரிய நேர்ச்சாலையில் இரண்டு பக்கமும் கூம்பு வைத்து அளந்திருந்தார்கள். முதல் அணியில் குழுவின் மற்ற நால்வரும் தங்கள் குளிர்காலப் பரீட்சையை ஓடித் தேறிவிட்டார்கள். கூடாரத்தில் அடுப்பும் பட்டாணி சூப்பும் காத்திருந்தன. இரண்டாம் அணிக்கு இஸ்மோ கோட்டில் போய் நின்றபோது, பக்கத்தில் ஹன்னு வந்து நின்றான். அவன் ஊருக்கே மின்வேலை பார்க்கிறவன், குழுவில் இஸ்மோவின் பழைய கூட்டாளி. அவனுக்குப் பின்னால் மருத்துவமனை நர்ஸ் மிர்யா. அவளுக்குப் பின்னால் மற்ற இருவர்.

விசிலோடு நின்றிருந்த இளம் அதிகாரி, நீங்கள் முடித்துவிட்டீர்களே, இங்கே என்ன வேலை என்று கேட்டாள்.

"நின்னா குளிருது," என்றான் ஹன்னு.

அவள் அவனையும் பார்த்தாள், இஸ்மோவையும் பார்த்தாள். உடம்பைச் சூடேற்றக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினாள்.

காட்டில் புதுப்பனியில் சறுக்கிப் போகும்போது முன்னால் போகிறவன்தான் பனியை உடைத்து வழி போடுவான். களைத்ததும் அவன் ஒதுங்க, அடுத்தவன் முன்னே வருவான். யாரும் யாரையும் கேட்பதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் செய்தார்கள். காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஹன்னு முன்னால் ஓடினான், அவன் முதுகின் மறைவில் இஸ்மோ. ஹன்னு ஒதுங்கியதும் மிர்யா வந்தாள். யாரும் "வா, வா" என்று கத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. முன்னே போகிறவர் கொஞ்சம் வேகமாகப் போனார், அவ்வளவுதான். இஸ்மோவின் கால்கள் சொன்னபடி கேட்பதை நிறுத்தியபின்னும் அந்த முதுகை விட்டுவிட அவனுக்கு மனமில்லை.

விசில் ஊதியதும் நின்ற இடத்திலேயே குனிந்துவிட்டான். அதிகாரி அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள், குனிந்து பார்த்தாள். நாலு மீட்டர் கூடுதல்.

கூடாரத்தில் சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்மோ அடுப்போரம் உட்கார்ந்தான். பிறகு எங்கள் ஊரில் யாரும் சொல்லாததைச் சொன்னான்.

"உங்கள விட்டுட்டு ஸ்டோர்ல போயி உக்கார எனக்கு மனசு வரல. அதுக்குத்தான் இத்தனை நாளா ஓடினேன்."

ஹன்னு சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள்.

"அது தெரியும்," என்றாள் மிர்யா. "நீ தேறலைன்னா நாங்க நாலு பேரும் ஸ்டோருக்கே மாத்தல் கேட்டு வாங்கிக்கறதுன்னு போன மாசமே பேசி முடிச்சிட்டோம்."

"கேப்டன்கிட்டயும் சொல்லியாச்சு," என்றான் ஹன்னு. "மனுஷன் நொந்துட்டாரு."

இஸ்மோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்க வேறு வழி தெரியாமல் எழுந்துபோய் இன்னொரு கரண்டி சூப் வாங்கிவந்தான்.