வெயிலில் பெருகும் ஓடை

"ஒரு துளி மழையும் இல்லை, வெயில் கொளுத்துது. அப்பிடியொரு நாளிலை ஓடை எப்பிடித் தம்பி பெருகும்?"

அமிர்தநாதர் இதைக் கேட்டது எங்கள் கட்டடத்து லிஃப்டில். ஒன்பதாம் மாடியிலிருந்து கீழே போகும்வரை அதை யோசித்துப் பார்த்தேன். கதவு திறந்தது, அவர் பால் வாங்கும் பையோடு இறங்கிப் போய்விட்டார். லிஃப்டிலும் பஸ்ஸிலும் பூசை முடிந்த கோயில் வாசலிலும் அவர் இதையே மாதக்கணக்காகக் கேட்டு வந்தார் என்பதும், ஏன் கேட்டார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அமிர்தநாதர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், ஊர்காவற்றுறைக்காரர். பதினாறு வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவர். கனடாவுக்கு வந்தபின் இருபத்தொரு வருடமாக ஸ்காபரோவில், உறைந்த உணவு வைக்கும் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வெளியே ஆடி வெயில் எரித்தாலும் அவர் நிற்கும் அறைக்குள் மைனஸ் இருபத்திரண்டு. வேலைத்தலத்துப் பெடியள் அவருக்கு வைத்த பட்டம் ஐஸ் அண்ணை. அவருக்கு அதில் கோபம் இல்லை. ஊரில் வலையில் பிடித்த மீனை இங்கே பெட்டியில் பிடிப்பதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

மனைவி யூஜினி. மூத்தவள் நிரோஷினி, மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. இளையவன் றொய்சன். கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டு, நாட்டின் மேற்கு மூலையில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே கோடைகால வேலைக்குப் போனவன். கனிமம் தேடுகிற ஒரு கம்பனிக்காக மண்ணும் கல்லும் அள்ளிப் பையில் போட்டு இலக்கம் எழுதும் வேலை. அந்த இடத்துக்குத் தெரு கிடையாது. சின்ன விமானத்தில் ஒரு வாவிக்குப் போய், அங்கிருந்து ஹெலிகொப்டரில் போகவேண்டும்.

அது எரிமலை மேட்டுநிலம். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் நெருப்புக் கக்கி ஆறிப்போன மலைகள். கறுத்த பாறை, செம்மண் நிறத்தில் சாம்பல் குன்றுகள், மரமே இல்லாத வெளி. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய மலையின் தட்டையான தலையில், எந்தக் கோடையிலும் முழுதாகக் கரையாத பனிக்கட்டி.

முதல் கோடை முடிந்து வந்தபோது றொய்சன் ஓட்டை ஓட்டையாக ஒரு சாம்பல் நிறக் கல் கொண்டுவந்தான். அதைக் குசினித் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் போட்டான். கல் மிதந்தது.

"உதென்ன, சாப்பிடாமல் விட்டுக் காய்ஞ்ச பாண் துண்டே?" என்று கேட்டாள் யூஜினி. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாளே அவள் அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் குதிக்கால் தேய்க்க வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கோடையில் முகாமை வேறிடத்துக்கு மாற்றினார்கள். முகாம் ஓடைக்கு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் றொய்சன் வீட்டுக்கு வீடியோவில் பேசுவான். ஜூலையில் ஒரு ஞாயிறு, தினமும் ஓடையைக் கடந்துதான் போகிறோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். யூஜினிக்கு முகம் மாறிவிட்டது. எவ்வளவு ஆழம் என்று கேட்டாள்.

"முழங்கால்தான் அம்மா. பட், தண்ணி சாம்பல் கலர். அடி தெரியாது."

அவள் பாலம் இல்லையா, கயிறு கட்டவில்லையா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அமிர்தநாதர் போனை வாங்கினார்.

"அம்மாவின்ரை கதையை விடு. மழை பெய்தால் மட்டும் பயப்பிடு. மழை இல்லாட்டி ஆறு பெருகாது. தண்ணியைப் பற்றி உனக்குச் சொல்லித்தர வேறை ஆளும் வேணுமே?"

"ஓம், கப்டன்" என்று சொல்லி றொய்சன் நெற்றியில் கைவைத்துச் சலூட் அடித்தான். யூஜினியும் சிரித்துவிட்டாள்.

அமிர்தநாதர் சொன்னது பொய்யல்ல. அவர் அறிந்த உலகத்தில் அது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. மாரி பெய்தால் அதில் தண்ணீர், கோடையில் மாடு மேயும். தீவில் அதுவும் இல்லை. கடலைத் தெரிந்த மனிதருக்கு ஓடுகிற தண்ணீரைத் தெரியாது. ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடும் ஓடையும் அவர் நினைத்ததையே காட்டியது. பெருமழை பெய்தால் நடைபாதைக்கு மேலே வரும், வெயில் எறித்தால் கல் தெரிய வற்றும். ஆகவே அவர் சொன்னார். மகன் கேட்டான்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, அந்த மேட்டுநிலத்தில் ஒரு முகிலும் இல்லை. அந்தக் கோடையிலேயே மிக வெக்கையான நாள் அது. வியாழன் காலை இரண்டு பொலிஸ்காரர் ஒன்பதாம் மாடிக்கு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்கள்.

ஓடை அடித்துப்போன றொய்சனை ஆறு நாள் தேடினார்கள். ஹெலிகொப்டர் பறந்தது, நாய்கள் வந்தன. கடக்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் கீழே அந்த ஓடை கறுத்த பாறைகளுக்கிடையே ஒரு பிளவுக்குள் விழுகிறது. அதற்குள் எந்த மனிதனும் இறங்க முடியாது. பிளவு தாண்டி ஒரு பெரிய ஆறு. அந்த ஆறு எல்லை கடந்து, வேறு நாட்டுக் கரையில் கடலுக்குள் போகிறது. தண்ணீருக்குள் ஒரு முழம்கூடப் பார்வை போகாது என்றார்கள். ஏழாம் நாள் நிறுத்திவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் தேவாலயப் பூசையில் பீடத்துக்கு முன்னால் அவன் படம் மட்டும் இருந்தது. பிள்ளை எங்கேயாவது கரையேறியிருப்பான் என்று சிலர் யூஜினியின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகுதான் அமிர்தநாதர் அந்த ஓடையைப் படிக்கத் தொடங்கினார். நூலகத்தில் கேட்டு அந்தப் பிரதேசத்தின் வரைபடத்தை எடுப்பித்தார். உயரத்தைக் காட்டும் மண்ணிறக் கோடுகளை வாசிக்கப் பழகினார். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் படத்தை ஒட்டி, ஓடையை நீலப் பேனையால் தடிப்பாக்கினார். அந்தப் படத்தில் அதற்குப் பெயரே இல்லை. வளைவுகளோடு நூலை வைத்து அளந்தார். பதினொரு கிலோமீட்டர். பனிக்கட்டியின் விளிம்பில் பிறந்து, சாம்பல் மேட்டைக் கீறி, கூழாங்கல் வெளியில் மூன்று நான்கு கிளையாகப் பிரிந்து, திரும்பக் கூடி, பிளவுக்குள் விழும். யூஜினி தன் கதிரையைத் திருப்பிப் போட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டாள். மிதக்கும் கல்லை அவள் குளியலறையிலிருந்து எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள்.

ஓடையில் அவருக்குத் தெரியாத வளைவு இல்லை என்று ஆயிற்று. ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. காலையில் முழங்கால் அளவாக இருந்த தண்ணீர் பின்னேரம் கூடிவிட்டது என்று பொலிஸ் சொன்னது. நிரோஷினி கணினியில் பார்த்துச் சொன்னதோ, அதற்கு முந்திய ஒன்பது நாளும் அங்கே மழை இல்லை என்று. அப்படியென்றால் எப்படிப் பெருகியது? தான் மகனுக்குச் சொன்ன சொல் சரியா, பிழையா? அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விடைதான். சரியென்றால் மகனைக் கொண்டுபோனது விதி. பிழையென்றால் வேறு.

மகளைக் கேட்டார். தனக்குத் தெரியாது என்றாள்.

மார்ச் மாதம் மரண விசாரணை அறிக்கை தபாலில் வந்தது. நிரோஷினிதான் முதலில் பிரித்தாள். எல்லாம் நமக்குத் தெரிந்த விஷயம்தான் என்று சொல்லித் தகப்பனிடம் கொடுத்தாள். இருபத்தொரு வருடம் பெட்டிகளின் இலக்கம் சரிபார்த்த மனிதர், ஆங்கிலம் வாசிக்கத் தொடங்குமுன் பக்கங்களின் இலக்கத்தைப் பார்த்தார். ஆறாம் பக்கத்துக்கு அடுத்தது எட்டாம் பக்கமாக இருந்தது. அவர் அறிக்கையை அப்படியே மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அந்தக் கிழமை மகளிடம் திரும்பவும் கேட்டார், அவள் தெரியாது என்றாள். என்னிடம் லிஃப்டில் கேட்டதும் அந்தக் கிழமையில்தான்.

ஏப்ரலில் கிடங்கின் ஒரு குளிரறையைத் திருத்த வேலைக்காக நிறுத்தினார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு அறைக்கு இப்படி வரும். பெட்டிகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து, உள்ளே சூடு போடுவார்கள். கூரையிலும் குழாய்களிலும் பிடித்த பனிக்கட்டி கரைந்து இறங்கும். ஆட்கள் ரப்பர் துடைப்பத்தால் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ள வேண்டும். காலை எட்டு மணிக்கு நிலத்தில் நூல் மாதிரி ஒரு கசிவுதான் இருந்தது. பகல் இரண்டு மணிக்கு அது சப்பாத்தை மூடி, கிடங்குத் தூசியில் சாம்பல் நிறமாகி, வடிகாலை நோக்கி ஓடியது.

கூட வேலை செய்யும் நிசாந்தன், புதிதாகச் சேர்ந்தவன், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். "ஐஸ் அண்ணை, இஞ்சை பாருங்கோ, மழையே இல்லாமல் வெள்ளம் வந்திட்டுது."

அமிர்தநாதர் நின்ற இடத்திலேயே நின்றார். தண்ணீர் அவர் காலைச் சுற்றிப் போனது. தலையில் பனிக்கட்டி. அதன்மேல் சூடு. காலையில் நூல், பின்னேரம் வெள்ளம். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்பதாம் மாடிச் சுவரில் எட்டு மாதம் நூல் வைத்து அளந்து தேடியதை இருபத்தொரு வருடமாக, வருடத்துக்கு ஒருமுறை, அவர் தன் இரண்டு கையாலும் தள்ளியிருக்கிறார். தெரியாது என்று இனி அவர் சொல்ல முடியாது. தெரிந்திருந்தது. நினைவுக்கு வரவில்லை.

இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். நிரோஷினி அன்று வீட்டிலிருந்து வேலை செய்தபடி மேசையில் இருந்தாள்.

"ஏழாம் பக்கத்தைத் தா."

அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பி, தன் அறைக்குள் போய், நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே வாசித்தார். அது றொய்சனோடு வேலை செய்த பெண்ணின் வாக்குமூலம். பின்னேரம் ஐந்து மணிக்கு ஓடை உயர்ந்திருந்தது. பனி கரையும் நேரம், காலைவரை வேலை செய்த பக்கமே தங்குவோம், அதுதான் முகாமின் விதி என்று அவள் சொன்னாள். றொய்சன் சிரித்தான். ஒன்பது நாளாக மழை இல்லை, தண்ணீர் அவ்வளவு கூடியிருக்காது என்றான். தன் தகப்பன் கடலில் வளர்ந்தவர், தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்றான். பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் கரையிலேயே நின்றாள். மறுநாள் விடிய ஹெலிகொப்டர் வந்து அவளை ஏற்றியது.

"நான் கேக்கேக்கை தெரியாதெண்டனி" என்றார் அமிர்தநாதர்.

"என்னெண்டு அப்பா சொல்லுறது?"

குசினியிலிருந்து யூஜினி வந்து வாசலில் நின்றாள். அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"அண்டைக்கு நானும் பக்கத்திலைதானே இருந்தனான். நீங்கள் போனிலை சொன்னதைக் கேட்டு எனக்கும் பயம் தெளிஞ்சது" என்றாள்.

அவருக்கு ஆறுதல் சொல்ல நினைத்தாளோ, குற்றம் சொல்ல நினைத்தாளோ, அவளுக்கே தெரிந்திருக்காது. அவர் சுவரிலிருந்த வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். அதைக் கிழிக்கவில்லை. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. நீலக் கோடு மட்டும் வெளிறிப் போய்விட்டது.

இப்போது அவர் கிடங்கில் குளிரில்லாத பக்கத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிவிட்டார். ஐஸ் அண்ணை என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வீட்டில் இருக்க மாட்டார், ஓடைப் பள்ளத்துப் பக்கம் நடந்துவிட்டு இருட்டுமுன் வருவார். மகனின் எலும்புகூடக் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அவன் எந்த வழியால் போயிருப்பான் என்பதை வளைவு வளைவாகச் சொல்லவும் தெரியும். அதனால் ஆவது ஒன்றும் இல்லை.

ஆனால் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். முதுகில் பெரிய பையோடு யாராவது லிஃப்டில் ஏறினால், தம்பி எங்கே போறீர் என்று விசாரித்து, மலைப்பக்கம் என்றால் சொல்லத் தொடங்கிவிடுவார். பிள்ளைகள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு போனைப் பார்க்கிறார்கள். அங்கிளுக்குச் சுகமில்லை என்று கீழே இறங்கியதும் சொல்லிக்கொள்கிறார்கள். ஒன்பது மாடி இறங்கும் நேரத்துக்குள் அவரால் முழுவதையும் சொல்லி முடிக்கவும் முடிவதில்லை.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். மலைக்கு வேலைக்கோ விளையாட்டுக்கோ போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், பக்கத்து வீட்டிலும் இருப்பார்கள். தலையில் பனியுள்ள ஓடை மழையைப் பார்த்துப் பெருகுவதில்லை, வெயிலைப் பார்த்துப் பெருகுகிறது. காலையில் கடந்த இடத்தைப் பின்னேரம் நம்பக்கூடாது, விடியும்வரை காத்திருக்க வேண்டும். இதை அமிர்தநாதரின் பெயரைச் சொல்லியோ சொல்லாமலோ அவர்களிடம் சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னும் ஒருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.