வேர்ப்பதற்காக மொனராகலைக்குப் போனவர்

வேர்க்க வேர்க்க நடந்தால்தான் உடம்புக்குப் பலன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பேச்சை நம்பித்தான் என் புருஷனைப் பறிகொடுத்தேன்.

எழுபதுகளில் பதுளை மலையில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. பிள்ளை இல்லை. என் அண்ணன்மார், அவருடைய தங்கை குடும்பம் எல்லாரும் ஒவ்வொருத்தராக இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்ததால் தங்கிவிட்டோம். அந்த மலையில் எனக்கு அவர், அவருக்கு நான். அவ்வளவுதான்.

ஊரே சீனிக்கு வரிசையில் நின்ற காலம் அது. கடை வைத்திருந்த எங்களுக்கே சீனியைக் கண்ணில் காண்பது அரிது. அப்படிப்பட்ட நேரத்தில் இவருக்குச் சீனி வியாதி வந்தது. நாட்டில் இல்லாத சீனியெல்லாம் தன் உடம்பில்தான் பதுங்கிக் கிடக்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதுளை டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "பொழுதன்னைக்கும் கல்லாவுல உக்காந்தே இருக்கீங்க. காலையில எந்திரிச்சு நடங்க. கொஞ்சம் வேர்க்குற மாதிரி நடங்க" என்றார். டாக்டர் சொன்னது நடையை. நாங்கள் பிடித்துக்கொண்டது வேர்வையை. பஸ்ஸில் திரும்பி வரும்போதே நடை பின்னால் போய் வேர்வை முன்னால் வந்துவிட்டது.

மறுநாளே நடக்கத் தொடங்கினார். விடிகிற நேரத்தில் எங்கள் ரோட்டில் எதிரே வருகிற ஆள் தெரியாது, அப்படிப் பனி. தோட்டத்துப் பெண்கள் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் பேர் கொடுத்து வேலைக்குப் பிரிந்து போகிற நேரம். அவர்களுக்கு ஊடே இவரும் கைவீசிப் போய்த் திரும்பி வருவார். வந்ததும் நான் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். காய்ந்து கிடக்கும்.

"என்னங்க, ஒரு பொட்டு வேர்வைகூடக் காணோம்?"

"வேகமாத்தான் நடந்தேன், புள்ள" என்பார், பரீட்சையில் கோட்டை விட்ட பையன் மாதிரி. அவர் உடம்பு இளைத்ததை நாங்கள் கவனிக்கவில்லை. மேட்டில் ஏறும்போது முன்பு வந்த மூச்சிரைப்பு குறைந்ததையும் கவனிக்கவில்லை. சட்டை நனையவில்லை, ஆகவே பலன் இல்லை. அதுதான் எங்கள் தீர்ப்பு.

பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் முதலாளி, நானா என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனுஷர். எங்களுக்குக் கெடுதல் நினைக்கத் தெரியாதவர். அவர்தான் விளக்கம் சொன்னார். "உள்ளுக்குள்ள கொழுப்பு நெய் மாதிரி ஒறைஞ்சி கெடக்கு தம்பி. சூடு பட்டாத்தான் உருகி வேர்வையா வெளிய வரும். இந்தக் குளிருக்குள்ள எங்க உருகுறது?" கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது! அடுத்த நாள் இவர், தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போடுகிற கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிளம்பினார். கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் விடுவார்களா?

"மழையே இல்லியே மொதலாளி, கம்பளியப் போட்டுக்கிட்டு எங்க போறீங்க? எங்களோட மலைக்கு வாறீங்களா?"

மலையே சிரித்தது. அத்தோடு கம்பளி மூலைக்குப் போயிற்று. கேலி செய்த அந்தப் பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை மலையில் ஏறி இறங்கி, ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போக வேர்த்தவர்கள். வேர்வைதான் ஆரோக்கியம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் நூறு வயதுக் கிழவிகள் இருந்திருக்க வேண்டும். நாற்பதிலேயே எலும்பும் தோலுமாகி இருமிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து நின்றார்கள். அவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும் எங்கள் புத்திக்கு உறைக்கவில்லையே.

கோதுமை மாவு கிடைக்காமல் போனபோது குரக்கன் என்கிற கேழ்வரகு வாங்க அவர் மலைக்குக் கீழே மொனராகலைக்குப் போனார். அந்தச் சமவெளியில் வெயில் எப்படிக் கொளுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தவரின் சட்டை உப்புப் பூத்துக் கிடந்தது. இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. "கொட்டு கொட்டுன்னு கொட்டிருச்சு புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைக்காதது ஒன்றுதான் குறை.

அதற்குப் பிறகு காலை நடை நின்றது. வேர்க்காத நடைக்கு எதற்குக் காலைத் தேய்க்க வேண்டும் என்றார். கடை பூட்டியிருக்கும் நாட்களில் மொனராகலை பஸ்ஸில் ஏறிவிடுவார். ஊரில் சாமி கும்பிட பஸ் ஏறுபவர்கள் உண்டு, சரக்கு எடுக்க ஏறுபவர்கள் உண்டு. வேர்ப்பதற்காக டிக்கெட் எடுத்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஒருமுறை நானும் கூடப் போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை வாசலில் வெயில் விழுகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார். சூடாக, பால் விடாத பிளேன்டீ ஒன்று குடித்தார். வேர்வை வழிந்தது. முந்தானையால் விசிறப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"ஒரு எட்டு நடந்துட்டு வரலாமேங்க" என்றேன்.

"அதான் கொட்டுதே. இன்னும் எதுக்கு நடை?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸில் உட்கார்ந்து, வந்து கல்லாவில் உட்கார்ந்தார். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் மறுபடியும் மூச்சு வாங்கியது. கொழுப்பு உருகுகிறபோது களைப்பு இருக்கத்தான் செய்யும் என்று எங்களுக்கு நாங்களே வைத்தியம் சொல்லிக்கொண்டோம். டாக்டரிடம் போகலாமா என்று நான் கேட்டதற்கு, "சட்டையப் பாத்துமா கேக்குற?" என்றார்.

அந்த வருடம் மாரி மழை பிடித்தது. கீழே இறங்கும் பசறைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிற்று. மொனராகலைக்குப் போக வழியில்லை. இவர் கூண்டில் அடைத்தது போலத் தவித்தார். வேர்க்காமல் சீனி ஏறிவிடும் என்று பயந்தார். நடக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலை. வெளியே விடாத மழை. எனக்குக் குளிரில் பல் கிட்டியது. கடைக் கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தவரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் வழிந்தது, பனியன் நனைந்து மார்போடு ஒட்டியது. முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீனி வியாதிக்காரர்களுக்குச் சில நேரம் மாரடைப்பிலும் வலி தெரியாதாம், வேர்வைதான் கொட்டுமாம். அதை டாக்டர் பிறகு சொன்னார். எல்லாவற்றையும் பிறகுதான் சொல்கிறார்கள்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா புள்ள, இங்கயே வந்துருச்சு. நடக்காமலே, வெயில் இல்லாமலே. ஒடம்பு வழிக்கு வந்துருச்சு."

நான் அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் கையோடு வந்தது. உடம்பு ஜில்லென்று இருந்தது. அதைக்கூட மழைக் குளிர் என்றுதான் நினைத்தேன். பூரித்துப் போய் நின்றேன். பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

நானா ஓடி வந்து லொறி பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

கஷ்டப்படாமல் போனார், புண்ணியவான் என்று ஊர் எனக்கு ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதலை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உள்ளே போவதற்கு முன்னால் அவர் தோளைத் தட்டி, "நல்லா வேர்க்குதுங்க, இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் காதில் கடைசியாக விழுந்தது அதுதான்.