ஓஸ்ட்ராம் ஒட்டிய பட்டியல்

குண்டை உருட்டக் குனிந்தவர் அப்படியே நின்று சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுக்கிறார். பின்னால் யாரோ ஒரு புதுச் சொல்லை உதிர்த்துவிட்டார்கள். சொல், சொன்னவர், தேதி, மணி, யாரைப் பற்றி என்று ஐந்து கட்டங்கள். வெண்டல் ஓஸ்ட்ராம் அவற்றை நிரப்பி முடிக்கும்வரை, ஹக்னல் ஊர்ப் புல்வெளியில் குண்டு உருட்டி விளையாடும் எட்டுப் பேரும் காத்திருக்க வேண்டும்.

"எழுதிட்டியா வாத்தே? எங்களுக்கு வயசாகுதுய்யா," என்பார் கீத் பக்னல், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள அந்த மனிதர் தன்னை முதன்முதலாக, வேண்டியவர்களை அந்த ஊரில் செல்லமாக அழைப்பதுபோல, 'வாத்தே' என்று கூப்பிட்ட அன்று (ஏப்ரல் 19, காலை 10.40) ஓஸ்ட்ராம் வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தார்.

நெப்ராஸ்காவில் முப்பத்தொரு ஆண்டு தானியக் கிடங்கில் எடை பார்த்தவர். மகளை இந்த ஊரில் கட்டிக்கொடுத்ததால் அறுபத்தாறாம் வயதில் இங்கிலாந்து வந்தார். இங்கே குளிர் தாங்காதவன் 'நெஷ்'. உம்மணாமூஞ்சி 'மார்டி'. ஒவ்வொரு சொல்லையும் மிட்டாய்போல இரண்டு நாள் சப்புவார். தபால்காரரிடம் சொல்லிப் பார்ப்பார். பல் மருத்துவரிடம் திறந்த வாயோடும் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது கோடையில் நால்வர் அணியில் முதல் ஆட்டக்காரர் இடம் கிடைத்தது. மகள் வீட்டுக்கு வெளியே அவருக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

நன்றி சொல்லும் விதமாக, ஜூலை 3 அன்று அறுபத்து நான்கு சொற்களையும் ஐந்து கட்டங்களோடு தட்டச்சு செய்து தேநீர்க் கொட்டகைப் பலகையில் ஒட்டினார். பதினேழாவது வரி: மார்டி, கீத், மே 14, மாலை 4.10, டோரீன் ஹேவுட்டைப் பற்றி.

டோரீன்தான் அணித் தலைவி. எழுபத்து நான்கு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லா வரிகளையும் படித்தார்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருக்குங்க, மிஸ்டர் ஓஸ்ட்ராம்."

அன்றிலிருந்து எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். "உக்காருங்க." "டீக்குப் பால் போதுங்களா?" கிண்டலும் இல்லை, வசவும் இல்லை. பட்டியல் பிடித்துப்போய்விட்டது என்றே முதல் வாரம் முழுக்க நினைத்தார். அடுத்த வாரம், சனிக்கிழமை ஆட்டத்துக்கான அட்டையில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இருந்தது.

"எல்லாரும் அன்பாத்தானே இருக்காங்க?" என்று கீத்திடம் கேட்டார்.

"அதான்யா ஆபத்து. டோரீன் உன்னை மிஸ்டர்னு கூப்பிட்டா உனக்குப் பாடை கட்டியாச்சுன்னு அர்த்தம். எங்கிட்டயும் பத்து நாளா நல்லாப் பேசுது. ராத்திரி தூக்கம் வரல."

"நான் எதையும் தப்பா எழுதலையே. மணிகூட சரி."

"மணி சரிதான். அதனாலதான் நான் இல்லன்னு சொல்ல முடியல."

அன்றே பட்டியலைக் கழற்றி எடுத்துக்கொண்டு டோரீன் வீட்டுக்குப் போனார். "எது திட்டு, எது பிரியம்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலைங்க. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லைங்க," என்று டோரீன் கதவைச் சாத்திக்கொண்டார்.

மன்னித்துவிட்டாரா, இல்லையா? ஓஸ்ட்ராமுக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை 1.55க்கு அவர் மேல்கோட்டைக் கழற்றாமல் வேலியோரம் நின்றார். ஆட வந்தோமா, பார்க்க வந்தோமா என்று அவருக்கே தெரியவில்லை. முதல் ஆட்டக்காரர் புல்லில் விரிக்க வேண்டிய ரப்பர் பாயை டோரீன் காலாலேயே அவர் பக்கம் தள்ளினார்.

"யோவ் மரமண்டை, நட்டுவச்ச கம்பம் மாதிரி ஏன்யா நிக்கிறே? மழை வர்றதுக்குள்ள விரிச்சுத் தொலை."

ஓஸ்ட்ராம் கழுத்தைத் திருப்பி, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.