அத்தைக்கு நூறு மார்க்

எங்கள் உலகத்தில் கோயமுத்தூருக்குக் கிரிக்கெட் வரவே இல்லை. மல்யுத்தம்தான் வந்தது. முதல் பஞ்சாலையைக் கட்டியவர் புகைபோக்கிக்கு முன்னால் ஒரு மேடையைக் கட்டி, நான்கு பக்கமும் கயிறு இழுத்துவிட்டார். அதன் பிறகு ஊருக்கு ஊர் ஒரு கம்பெனி முளைத்தது. பீளமேட்டில் மில்காரர்கள், மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டிக்காரர்கள், உடுமலைப்பேட்டையில் தேங்காய் உரிக்கிறவர்கள். வாய்க்கால் தகராறு, தேர்தல், பஸ் கட்டணம் எல்லாமே மேடையில்தான் தீர்ந்தன. தோற்ற கட்சிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். இந்தச் சரித்திரத்தை எழுதியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

எழுதியது, ஏதோ ஒரு பம்ப் கம்பெனி அப்பாவுக்கு இலவசமாகக் கொடுத்த டைரியில். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எட்டாம் வகுப்பு முடித்திருந்த அண்ணனின் வேலை. அது ஒரு வினோதமான விளையாட்டு. திரையில் யாரும் யாரையும் அடிக்கமாட்டார்கள், ஒரு பொம்மை கூட நகராது. நாம் மல்யுத்தக் கம்பெனியின் முதலாளி. யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். மிச்சமெல்லாம் எண்கள். ஒவ்வொரு வீரருக்கும் பலம் இவ்வளவு, ஜனங்களிடம் பேர் இவ்வளவு, மூச்சு இவ்வளவு என்று நூற்றுக்கு மார்க். அடி வாங்கி விழத் தெரிவதற்கும் தனியாக ஒரு மார்க் உண்டு. விளையாட்டோடு வந்த அமெரிக்கக்காரர்களை அழித்துவிட்டு நாமே ஆதி முதல் ஒரு உலகத்தை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று அண்ணன் கண்டுபிடித்தான். அந்தக் கோடை விடுமுறை முழுக்க அதிலேயே போயிற்று. மின்வெட்டு நேரத்தில் நான் சரித்திரம் எழுதுவேன், கரண்ட் வந்ததும் அவன் ஏற்றுவான்.

எங்கள் வீரர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். லேத் பட்டறையில் இரும்பு தூக்குகிறவர் என்பதால் அப்பாவுக்குப் பலம் எழுபது. அம்மாவுக்கு எண்பத்திரண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. டியூஷன் வாத்தியார் வில்லன். வில்லனாக இருந்தாலும் எங்கள் மேடையில் மரியாதை முக்கியம். 'வாங்க, அடிச்சுக்கலாமுங்க' என்று கும்பிட்டுவிட்டுத்தான் மோதவேண்டும் என்று டைரியின் முதல் பக்கத்தில் சட்டமே எழுதியிருந்தேன். நான் பார்த்த பெரியவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த 'ங்க'வை விடமாட்டார்கள்.

சாம்பியன் யார் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே வரவில்லை. மாமாதான். அப்பாவின் தங்கையைக் கட்டியவர், உடுமலையில் தேங்காய் வியாபாரம். அந்தக் கம்ப்யூட்டரே அவர் கொடுத்ததுதான். மண்டி ஆபீசுக்குப் புதியது வாங்கியதும் பழையதைத் துடைத்து, காரில் கொண்டுவந்து இறக்கி, தானே ஒயர் சொருகிக் கொடுத்துவிட்டுப் போனார். என்னை 'அம்மணி' என்பார். பத்து வயதுப் பெண்ணிடம் வாங்க, போங்க என்று பேசுகிற ஒருவருக்கு என்னதான் செய்யமாட்டேன்? பலம் தொண்ணூற்றாறு, பேர் நூறு போட்டேன்.

அந்த மே மாதத்தில் அத்தை மட்டும் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு பை. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். முந்தின வருஷம் வந்தபோது மாடிப்படி. அத்தைக்கு இன்னும் நடக்கவே பழகவில்லை என்று நாங்கள் கேலி செய்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் எதுவும் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டு விஷயத்தை அவர்களாகச் சொன்னால் ஒழிய நாமாகக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

டிவி பக்கமே தலைவைக்காத அத்தை, அந்தத் தடவை எங்களோடு உட்கார்ந்து ரெஸ்லிங் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் ஒரு தடியன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டான்.

"ஏங்கண்ணு, இப்படித் தூக்கிப் போடறாங்களே, வலிக்காதா?" என்று கேட்டார்.

அண்ணனுக்குக் கேட்கவேண்டுமா? விழுவது ஒரு பெரிய வித்தை என்று தொடங்கினான். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். முதுகு முழுக்க ஒரே சமயத்தில் தரையில் படவேண்டும். மூச்சை உள்ளே பிடித்துவைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும். முக்கியமாகக் கையை ஊன்றவே கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். அத்தை வீங்கிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானு கைய ஊனிப்போட்டனே" என்றார்.

மறுநாள் மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, சித்த நேரம் விழுந்து காட்டு என்றார். இலவம்பஞ்சு மெத்தை இரண்டை ஹாலில் இழுத்துப் போட்டோம். நான் விழுந்தேன். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை விழுந்தார். முதல் இரண்டு முறை கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, விழுவது மட்டும் நடந்தது. நாலைந்து நாள் கழித்து மெத்தையை எடுத்துவிடச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. என்னிடம் கற்றுக்கொண்டவர் வெறும் தரையில் விழுகிற அளவுக்குத் தேறிவிட்டாரே!

ஒரு நாள் அண்ணனிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"சுவத்துல தள்ளுனா எப்படி விழோணும் கண்ணு?"

"மேடையில சுவரே இருக்காதுங்க அத்தை. கவுறுதான்."

"கவுறு இல்லீன்னா?"

அண்ணன் யோசித்துப் பார்த்தான். அது விளையாட்டிலேயே இல்லை என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கே அத்தையையும் எங்கள் உலகத்தில் சேர்த்துக்கொண்டோம். பலம் முப்பத்தொன்று. விழத் தெரிந்ததற்கு நூறு. எங்கள் உலகத்தில் வேறு ஒருவருக்கும் அதில் நூறு கிடையாது. 'தொட்டி, மாடிப்படி என்று பல இடங்களில் விழுந்து எழுந்து அனுபவம் பெற்றவர்' என்று டைரியில் அவருடைய வரலாற்றை எழுதினேன். அதை எழுதிய கை இதே கைதான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அத்தை எழுத்துக்கூட்டுவது போல் மெதுவாக வாசித்தார். அந்த உலகத்தில் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். அதற்கெல்லாம் இந்த விளையாட்டில் இடமே இல்லை என்றேன். அப்போதுதான் அவருக்கு எங்கள் விளையாட்டு மிகவும் பிடித்துப்போனது.

"மாமா இருக்கற கம்பெனில என்னப் போட வேண்டாங்கண்ணு. மேட்டுப்பாளையத்துல போட்டுடு. நானு அங்கயே இருந்துக்கறேன்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். ஒரு சாக்குத் தேங்காய், ஒரு குலை இளநீர், எங்களுக்குத் தனியாகத் தின்பண்டப் பொட்டலம். எல்லாரையும் பேர் பேராக நலம் விசாரித்தார். சமையலறையில் அத்தை அப்பாவிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆடி முடியட்டுங்கண்ணா. பொறவு போறேன்." அப்பா ஹாலுக்கு வந்து, தொண்டையைச் செருமி, அதைப் பெரிய உதவி கேட்பது போல் மாமாவிடம் கேட்டார்.

"அவ இஷ்டமுங்க மச்சான். நானென்ன கட்டியா இழுத்துட்டுப் போகப்போறேன்" என்றார் மாமா.

பேச்சு அதோடு முடிந்திருக்கலாம். நான்தான் மாமாவின் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவருக்குப் போட்ட நூறைக் காட்டினேன். பிறகு அத்தையின் நூறைக் காட்டினேன்.

"தெனமும் பழகறாங்க மாமா. மெத்தை இல்லாமயே விழறாங்க. சுவத்துல தள்ளுனா எப்படி விழறதுன்னு கூடக் கேட்டுட்டாங்க!"

அப்பா அத்தையின் மணிக்கட்டைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். மாமா மட்டும் சிரித்த முகம் மாறாமல் கேட்டார்.

"அப்படீங்களா அம்மணி? எதுக்குங்களாமா பழகறா?"

அப்பாவும் சிரித்தார். காபி ஆறுகிறது என்று அம்மா சொன்னார். அந்த ஒரு நிமிஷத்தில் அங்கிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் எல்லாமே விளங்கிவிட்டது. விளங்கியதை வாய்விட்டுச் சொன்னால் வந்த மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவாகிவிடும். என் அப்பா கெட்டவர் இல்லை. தங்கை மேல் பாசம் இல்லாதவரும் இல்லை. அவருக்கு முகத்துக்கு நேராகப் பேசவராது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஆடி வரை இருக்கலாம் என்ற பேச்சை அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அம்மா வைத்துக்கொடுத்த புதுச் சேலையோடும் பூவோடும் அத்தை காரில் ஏறிக்கொண்டார்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அத்தை ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அந்தத் தடவை அப்பாவே போய்க் கூட்டிவந்தார். அன்றைக்கு அவர் மாமாவிடம் பேசிய பேச்சில் ஒரு 'ங்க' கூட இல்லையாம். அத்தை இப்போது எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார். இடது காது கேட்காது, வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து பேசவேண்டும். அந்தக் காது எந்த மாதத்தில் போனது என்று நான் கேட்டதே இல்லை. வீட்டு வழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயம்தான். அத்தை காரில் ஏறிப் போன பத்தாவது நாள் நான் ஒரு போன் பண்ணினேன்.

அத்தை போன பிறகு எங்கள் உலகத்தில் கூட்டம் குறைந்துபோயிருந்தது. அரங்கம் பாதிகூட நிறையவில்லை. புருஷனையும் பெண்டாட்டியையும் மோதவிட்டால் ஊரே திரண்டு வரும் என்று எனக்குத் தோன்றியது. கொடுத்த வாக்கை மீறி அத்தையை மேட்டுப்பாளையத்திலிருந்து உடுமலைக்குக் கொண்டுவந்தேன். அத்தைதான் ஜெயிக்கவேண்டும் என்று முடிவும் எழுதினேன். முப்பத்தொன்று எப்படித் தொண்ணூற்றாறைச் சாய்க்கும், ஒருத்தனும் நம்பமாட்டான் என்று அண்ணன் கத்தினான். நான் விடவில்லை. நினைத்தபடியே அரங்கம் நிரம்பி வழிந்தது. அந்தச் சந்தோஷத்தை உடனே சொல்லியாக வேண்டும் என்று ஓடிப்போய் உடுமலைக்குப் போனைச் சுழற்றினேன். அத்தைதான் எடுத்தார்.

"அத்தை, நீங்க மாமாவச் சாச்சுட்டீங்க! நீங்கதான் இப்ப சாம்பியன்!"

முதலில் அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, "மாமாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு" என்றார். சாம்பியன் ஆனதைத் தானே சொல்லி அவரை அசத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் பின்னால் மாமாவின் குரல் கேட்டது. போன் கை மாறியது.

"ஆருங்க, அம்மணிங்களா? என்னமோ குஷியாப் பேசிட்டிருக்கறாப்ல இருக்குது?"

எனக்கு வாய் நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள், டைரியில் நான் எழுதியபடி அத்தை எப்படித் தூக்கிப் போட்டார், மாமா எவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் கிடந்தார் எல்லாம். மாமா கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

"உங்கத்தை என்னச் சாச்சுப்போட்டாளா? நல்லாருக்குதுங்க அம்மணி" என்றார்.

சிரித்தாலும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது போல் எனக்குப் பட்டது. எனக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தவர், அத்தனை பேருக்கு முன்னால் தோற்றுவிட்டார், பாவம். "வருத்தப்படாதீங்க மாமா. ஞாயித்துக்கெழம மறுக்கா மோத விடறேன், அப்ப நீங்களே ஜெயிச்சுக்குங்க" என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன்.