கேட்காமல் வந்தவரும் கேட்டு நின்றவரும்

நோர்வேக்கு வந்த முதல் கோடையில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் வாளியோடு குனிந்து நீலப்பழம் பறித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்டுத்துண்டு என் கணவர் வீட்டோடு சேர்த்து வாங்கியது. நான் போய், தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில், "பறியுங்கள், எங்களுக்குப் பிரச்சினையில்லை" என்றேன். உபசாரமாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து குழப்பத்தோடு பார்த்தார். "நான் உங்களிடம் கேட்கவில்லையே" என்றார். குரலில் கோபமில்லை. பிறகு, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக ஒரு சொல்லைச் சொன்னார்: "அல்லெமான்ஸ்ரெத்தன்." எல்லாருக்குமான உரிமை என்று மாலையில் கணவர் விளக்கினார். இப்படியான காட்டில் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம். சொந்தக்காரர் விரும்பினாலும் மறிக்க முடியாதாம்.

எனக்கு ஊரில், சண்டைக் காலத்தில், தண்ணீரூற்றில் நாங்கள் இருந்த கல்வீடு நினைவுக்கு வந்தது. நாயாற்றுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களை, வெறுமையாகக் கிடந்த அந்த வீட்டில் ஊர்க்காரர் இருக்கச் சொன்னார்கள்; இருந்தோம். பிறகு சண்டை நின்ற சமாதான காலத்தில் பாதை திறந்ததும், ஒரு காலை படலையில் ஒருவர் வந்து நின்றார். மீன் வியாபாரி. பல வருடங்களுக்கு முன், ஊரிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது புத்தளம் போனவர். அது அவருடைய வீடு.

"ஒருக்கா உள்ளுக்கு வந்து பாக்கலாமோ அண்ணை?"

அப்பா பதறிப்போனார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் 'நானா' என்ற சொல்லாலேயே அவரைக் கூப்பிட்டார். "உங்கட வீடு, நானா. எங்களிட்டக் கேக்க வேணுமோ?"

அம்மா கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தா. அவர் கதிரையில் இருக்கவில்லை, குசினிச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டை விட்டுத் தருவதாக அப்பா சொன்னதும் சந்தோசப்படுவார் என்று நினைத்தோம்.

"நீங்கள் நல்ல மனுசன், தாறியள்," என்றார். "வாங்கோ, ஒருத்தரும் மறிக்கயில்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். நாளைக்கு மறிச்சால் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னாலும் யாரிடம் போய்க் கேட்பது என்று அப்பாவுக்கும் தெரியாதுதானே.

நாங்கள் கரையோரம் போய்க் கொட்டில் போட்டுக்கொண்டோம். அவர் குடும்பத்தைக் கூட்டி வந்தார். நான் கலியாணம் முடித்து இங்கே வந்த அடுத்த வருடம் சண்டை மறுபடி தொடங்க, அவர்கள் திரும்பவும் புத்தளம் போனார்கள். சண்டையின் கடைசியில் அப்பாவும் அம்மாவும் எல்லாவற்றையும் விட்டு வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது.

மறிக்க ஆளில்லாத காலத்தைச் சுதந்திரம் என்று நம்பி வளர்ந்தவள் நான். மறித்த பிறகும் மிஞ்சி நிற்பதுதான் உரிமையோ என்று இப்போது யோசிக்கிறேன். சரியாகப் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

போன இலையுதிர்காலத்தில் என் மகள் காளான் தேடி யாருடையதோ ஒரு காட்டுக்குள் ஓடிவிட்டாள். நான் ஓரத்தில் நின்று, "வீட்டுக்காரர் ஆரும் நிக்கினமோ?" என்று தமிழில் குரல் கொடுத்தேன். மரங்களுக்குள்ளிருந்து அவள் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்: "அம்மா, யாரைக் கூப்பிடுகிறாய்?"