மர்சூக்கின் முன்பல்

மர்சூக் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது, அவரைப் பார்க்கப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்களாம். சிவந்த உதடு, வரிசைப் பல், சிரித்தால் கன்னத்தில் ஒரு குழி. அந்த முகத்தை அல்லாஹ் சும்மா கொடுத்தான். மனிதர் அதைச் சிகரட்டுக்குக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டார்.

இப்போது உதடு அடிப்பிடித்த சட்டி மாதிரி. அந்தச் சின்னக் குழி கன்னத்தையே விழுங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே தோல் காய்ந்து சுருங்கிக் கிடக்கிறது. விரல் மஞ்சள், பல்லோ பழுப்பும் கறுப்பும். பள்ளியில் தொழுகை முடிந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுக்கும்போது, அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முகத்தைத் திருப்புவார். இவ்வளவுக்கும் தன் அழகில் மர்சூக்குக்குச் சந்தேகமே கிடையாது. தலைக்குச் சாயம், சட்டைக்கு அத்தர், கண்ணாடிக்கு முன்னால் அரை நாள்.

அவர் மனைவி லைலா சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள்.

"கிணத்துத் தண்ணி உப்பு. அதான் பல்லு கறுக்குது," என்பார் அவர்.

"அதே தண்ணியத்தானே நானும் குடிக்கிறன்? எனக்கேன் கறுக்கல்ல?"

"பொம்புளைகளுக்கு அது புடிக்காது."

இப்படியான அறிவுக்கு யார் பதில் சொல்வது? கல்முனையில் பல் வைத்தியரிடம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனாள். பல்லைப் பிடித்திருக்கும் முரசு, அதாவது ஈறு, அழுகுகிறது, சிகரட்டை விடாவிட்டால் பல் ஒவ்வொன்றாகக் கழலும் என்றார் வைத்தியர். மர்சூக் வெளியே வந்து, அந்தப் படியிலேயே நின்று ஒன்றைப் பற்றவைத்தார்.

அப்படியிருக்கும்போதுதான் மகள் ஸப்னாவுக்கு நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பையன் தொழுகையாளி, ஆசிரியர். ஸப்னாவுக்கும் மனம் பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பையனின் வாப்பா அபூசாலி, தன் ஆட்களோடு வீடு பார்த்து நாள் வைக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

லைலாவுக்கு நித்திரை போய்விட்டது. வீட்டைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் அந்த வாயைப் பற்றித்தான். விருந்துக்குச் சஹன் வைப்பார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றிக் கூடியிருந்து, முகத்துக்கு முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

"நீங்க நிண்டு உபசரிங்க. என்ட தம்பி குந்தட்டும்," என்றாள் நயமாக.

"மாப்பிள்ளைட வாப்பாவோட நான் குந்தாம வேற ஆரு குந்துற? என்ன கதை கதைக்காய்!"

அவர்கள் வந்த அன்று காலையில் மனிதர் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியை எடுத்தார். மிஸ்வாக் நபிகள் காட்டித் தந்த சுன்னத்தான காரியம். ஆனால் கரிப்பிடித்த பானையைத் துலக்குவதுபோல, அழுகின முரசில் போட்டுத் தேய்க்கச் சொல்லி எந்த ஹதீஸில் இருக்கிறது? இரத்தம் வரும்வரை தேய்த்தார். பிறகு ஏலமும் கராம்பும் வாயில் அடக்கிக்கொண்டு, "இப்ப பாரு," என்று லைலாவிடம் பல்லைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

சஹன் வந்தது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். லைலா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் ஸப்னா, உம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி. மர்சூக் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினார். இறைச்சி கடித்து எத்தனையோ காலம். அது தெரியாத அபூசாலி, நடுவிலிருந்த நல்ல நெஞ்செலும்பை எடுத்து அவர் பக்கம் வைத்தார்.

"எடுங்க சம்பந்தி, வெக்கப்படாதீங்க."

சம்பந்தி எடுத்து வைத்ததைத் தள்ளுவது மரியாதையில்லை. மர்சூக் கடித்தார், இழுத்தார். எலும்பு வந்தது. கூடவே முன்பல்லும் வந்து, அபூசாலியின் பக்கத்துச் சோற்றில், இரத்தத்தோடு விழுந்தது.

எல்லாக் கைகளும் நின்றன.

"உப்புத் தண்ணி..." என்றார் மர்சூக், அந்த ஓட்டையால் காற்றுப் போக.

ஒருவர் எழுந்து போய் ஓங்காளித்தார். அபூசாலி மெதுவாகக் கையை எடுத்தார்.

"நான் ஒளிச்சிக் கதைக்கல்ல," என்றார். "வாசல்ல வரக்குள்ளயே சிகரட் மணம். என்ட மகன் வந்து இருக்கப்போற வீடு இது. நாளைக்குப் பேரப்புள்ளைகள் இந்தப் புகைக்குள்ளதானே வளரும்? யோசிக்கத்தான் வேணும்."

முந்தானையைப் பிடித்திருந்த கை இறுகியது. லைலா திரையை விலக்காமலே, அண்ணன் முறை வைத்து அபூசாலியிடம் கதைத்தாள்.

"காக்கா, இந்த வீடு ஸப்னாட பேருக்கு எழுதியாச்சு. இண்டையிலிருந்து இதுக்குள்ள ஆரும் புகைக்கிறல்ல. அதுக்கு நான் பொறுப்பு."

"அப்ப நான்?" என்றார் மர்சூக்.

"நீங்க மதிலுக்கு அங்கால."

அபூசாலி திரைப்பக்கம் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "வேற சஹன் ஒண்டு கொண்டுவரச் சொல்லுங்க. சாப்பிட்டுட்டு கலியாண நாளைப் பாப்பம்," என்றார். திரைக்குப் பின்னால் ஸப்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

புதுச் சஹனுக்கு லைலாவின் தம்பி குந்தினார். மர்சூக்கை யாரும் கூப்பிடவில்லை. பல்லைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதிலுக்கு வெளியே போய் நின்றார். சிகரட் ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். பல் போன இடத்தில் அது அளவாகப் பொருந்தி நின்றது. மனிதருக்கு அதிலும் ஒரு வசதிதான் தெரிந்தது.

லைலா வந்து மதில் கேற்றைச் சாத்தினாள்.