ஏரிக்கரை வீட்டின் கதவுகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நானும்.

இது எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பவர் அண்ணனுக்கு நடந்தது. யாராவது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாலே என்ன பவர் என்று சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பெயர். அதிர்ந்து பேசாத மனிதர். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இதை என்னிடம் சொன்னபோது அவர் காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். அண்ணிக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். புது வீட்டுக்கு அவர் கொண்டுவந்த சாமான் கொஞ்சம்தான். இரண்டு பெட்டி துணி, ஒரு தையல் மெஷின், டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்று.

வம்பு அந்தக் கேம் பெட்டியில்தான் இருந்தது.

அதில் ஒரே ஒரு விளையாட்டு. எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆன ஓர் உலகம். வெறுங்கையோடு நம்மை நடுக்காட்டில் விட்டுவிடும். மரத்தை வெட்டி, கல்லை உடைத்து, நாமாக ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்தால் பிசாசுகள் வரும். அதற்குள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் பிழைத்தோம்.

அந்த உலகத்தில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. ஏரிக்கரையில், வெள்ளைக் கல்லில், சின்னதாக. அண்ணி வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, டிவி முன்னால் உட்காருவார். வாசல் கதவைத் திறந்து உள்ளே போவார், சாத்துவார். அதற்குள் இன்னொரு கதவு, அதையும் சாத்துவார். அதற்குள் இன்னொன்று. கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு விளக்கு. அங்கே போய்ச் சும்மா நிற்பார். அவ்வளவுதான் விளையாட்டு. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பவர் அண்ணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். வயிறு எரியும்.

அந்த மகராசன் கட்டிய வீடு. கதவுக்கு மேல் கதவு சாத்திக்கொண்டு அவனோடு இருக்கிறாள். நான் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்... இப்படித்தான் ஓடும் அவர் மனசு.

"யார் கட்டின வீடும்மா இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஆளின் பேச்சை எடுத்தால், அண்ணி அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயம். உயிரோடு இருக்கிறவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனை என்ன செய்வது? அவனுக்கு இனிமேல் தொப்பை விழாது, முடி கொட்டாது, குறட்டை வராது.

கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அண்ணிக்கு அன்று வேலை உண்டு. ஒரு செவ்வாய் காலை, அண்ணன் தானே அந்தப் பெட்டியை ஆன் செய்தார். ஏரிக்கு எதிர்க்கரையில், ஒரு குன்றின் மறைவில், அதைவிடப் பெரிய வீடாகக் கட்டுவது என்று முடிவு. இரண்டு மாடி. சுற்றிலும் கண்ணாடி. கல்யாண நாளன்று அண்ணியைக் கூட்டிப்போய்க் காட்டி அசத்திவிட வேண்டும்.

லென்ஸ் தேய்க்கிற கைக்குக் கட்டை அடுக்க வரவில்லை. கீழே தோண்டி நெருப்புக் குழம்பில் விழுந்து செத்தார். மேலே ஏறிக் கால் தவறிச் செத்தார். சாப்பிட வேண்டும் என்பதே தெரியாமல் பட்டினியால் செத்தார். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து விட்ட இடத்தில் தொடங்கினார். வைராக்கியம்! சில வாரங்களில் சுவர் எழும்பியது, கண்ணாடியும் மாட்டியாயிற்று.

ஒரு செவ்வாய் மத்தியானம், மணி இரண்டே கால் இருக்கும். திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது.

"ஒருவர் உள்ளே வரக் காத்திருக்கிறார். அனுமதிக்கலாமா?"

அண்ணிதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வழியாக வருகிறார் என்று நினைத்தார். திருட்டுத்தனம் அகப்பட்டுவிட்டதே என்று வெட்கம். உள்ளுக்குள் சந்தோஷமும்தான். 'ஆம்' என்பதை அழுத்தினார்.

யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் குன்றின் மேல் ஏறிப் பார்த்தபோது, எதிரே ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. வெள்ளை வீட்டில் வாசல் கதவு இல்லை. அண்ணி ஏதாவது மாற்றிக் கட்டுகிறார் போலும் என்று விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணி டிவி முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"ஏங்க... இதை நீங்க தொட்டீங்களா?"

"நானா? எனக்கு எதுக்கு இந்தச் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு?"

காது சிவந்தது. அண்ணி பார்க்கவில்லை. புதுக் கதவு ஒன்று செய்து மாட்டினார், சாத்தினார், உள்ளே போனார். இரண்டு நாளில் அந்தக் கதவும் இல்லை. அதற்கு அடுத்த கதவும் இல்லை. அண்ணி டிவியை அணைத்துவிட்டுப் போனவர், அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்பார்.

அண்ணனுக்கு இது வேறு மாதிரிப் பட்டது. அவன் வீட்டுக் கதவு போனதற்கே இவ்வளவு துக்கமா? எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட இவள் முகம் இப்படி வாடவில்லையே!

இடித்துவிடுவது என்று தீர்மானித்தார். ஒரு கல் பாக்கி இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. அண்ணி வேலைக்குப் போயாயிற்று. கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். விளையாட்டில் படகேறி ஏரியைக் கடந்தார். கையில் பிக்காஸ்.

வெள்ளை வீட்டில் ஒரு கதவுகூட மிச்சமில்லை. வாசலில் நின்றால் கடைசி அறையின் கட்டில்வரை தெரிந்தது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

முதல் கல்லை உடைத்தார்.

டொக்... டொக்... டொக்...

கையை எடுத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

டொக்... டொக்...

வேறு யாரோ உடைக்கிறார்கள்.

திடீரென்று திரை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பேர் சேர்ந்து விளையாடினால் அப்படிப் பிரியுமாம். ஒருவர் பார்ப்பது மேலே, மற்றவர் பார்ப்பது கீழே.

மேல் பாதியில் அண்ணன் உடைத்த சுவர்.

கீழ்ப் பாதியில் ஒரு முதுகு. கையில் பிக்காஸ்.

அது அவருடைய முதுகு.

விளையாட்டுக்குள்ளேயே சட்டென்று திரும்பிப் பார்த்தார். மேல் பாதியில் வெறும் புல்வெளி. ஏரி. ஆள் இல்லை.

கீழ்ப் பாதியில் இப்போதும் முதுகுதான்.

திரும்பிய பிறகும்... முதுகுதான்.

கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

கிட்டே வருகிறது...

பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு...

டொக்.

டிவியிலிருந்து இல்லை.

படுக்கையறையிலிருந்து.

டொக்... டொக்...

அப்புறம் வேறொரு சத்தம். கர்ர்ர்... கர்ர்ர்... எதையோ மெதுவாகத் திருகுகிற சத்தம்.

செருப்பைக்கூடத் தேடவில்லை அவர்.

அண்ணி ஐந்து மணிக்கு வந்தபோது, அண்ணன் மாடிப்படியில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? சாவி தொலைஞ்சுடுச்சா?"

அண்ணன் எழுந்தார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே போனார்.

படுக்கையறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தரையில் கிடந்தது. பக்கத்தில் நான்கு திருகாணிகள். யாரோ பொறுமையாக அடுக்கி வைத்தது போல, வரிசையாக.

அண்ணி சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மனசில் இருந்ததைக் கொட்டினார். பொறாமை, எதிர்க்கரை வீடு, இடிக்கப் போனது, முதுகு.

"தப்புதான்மா. அவர் கட்டின வீட்ல நான் கை வெச்சிருக்கக் கூடாது. அதான் அவருக்குக் கோபம்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் கட்டினதா? அது நான் கட்டினதுங்க. அவர் போனப்புறம்தான் இந்தப் பெட்டியையே வாங்கினேன்."

"அப்ப... எதுக்கு அத்தனை கதவு?"

அண்ணி தரையில் கிடந்த திருகாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு என்மேல சந்தேகம். கொஞ்ச நஞ்சமில்ல. நான் குளிக்கப் போனாக்கூட, 'உள்ள யாரோட பேசுற'ன்னு வந்து தட்டுவார். அப்புறம் ஒருநாள் வீட்ல இருந்த தாழ்ப்பாள் எல்லாத்தையும் கழட்டிட்டார். குளிக்கிற ரூம்லகூட விடல. கழட்டின ஆணியை இப்படித்தான் கீழ வரிசையா வெச்சிட்டுப் போவார். நான் பாக்கணும்னு."

அண்ணன் குனிந்து அந்தத் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"அவர் இருந்தவரைக்கும் நான் ஒரு கதவைச் சாத்தினதில்லைங்க. அதனாலதான் அந்த வீடு. அவரால வர முடியாத இடம் எனக்கு அது ஒண்ணுதான். அங்க எப்படி வந்தார்னுதான் எனக்குப் புரியல."

அண்ணனுக்குப் புரிந்தது. 'ஆம்' என்று அழுத்தியது எந்த விரல் என்பதுகூட ஞாபகம் இருந்தது. அதை மட்டும் அவர் அண்ணியிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாளே கேம் பெட்டியைச் சுத்தியலால் நொறுக்கிக் குப்பை லாரியில் போட்டார். அந்த மாதமே வீடு மாற்றினார்கள். புது வீட்டில் எல்லாக் கதவுக்கும் அண்ணனே நல்ல கனமான தாழ்ப்பாளாக வாங்கிப் போட்டார். அண்ணி இப்போது கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறார். எவ்வளவு நேரம் ஆனாலும் அண்ணன் தட்டுவதில்லை. இருவரும் முன்னைவிட நிறையப் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. படுக்கையறைத் தாழ்ப்பாளில் ஒரு திருகாணி மட்டும் தளர்ந்துகொண்டே இருக்கிறது. மரம் சரியில்லை என்றார் தச்சர். கதவையே மாற்றியாயிற்று. அப்படியும் தளர்கிறது. அண்ணி பார்த்தால் பயந்துவிடுவார் என்று, அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அண்ணன் முறுக்கி வைத்துவிடுவார். தினமும் காலையில் அதுதான் முதல் வேலை.

போன வாரம் படுக்கை விரிப்பை மாற்றும்போது, அண்ணியின் தலையணைக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்ததாம்.

"அவளும் தினம் முறுக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காடா," என்றார் என்னிடம். "சாயங்காலம், நான் கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள. நான் பயந்துடுவேன்னு என்கிட்ட சொல்லல."

காலையில் இவர் முறுக்குகிறார். சாயங்காலம் அவர் முறுக்குகிறார்.

அப்படியானால்... அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழல்கிறது?